நான் பார்த்துக் கொடுத்த நல்ல நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தேடி மீன் கொண்டுவந்து கொடுக்கும் செயலி ஒன்றை, சித்திரை ஒன்றாம் தேதி, நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்த அறிவாளி நான்தான். மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மீன் பெருகட்டும் என்று கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் அதே தேதி. நாட்டுப்படகில் போய்க் கரையோரமாகப் பிடித்துவரும் கொஞ்சநஞ்ச மீனுக்குக் கரையிலேயே தள்ளுமுள்ளு நடக்கும். அந்த நேரத்தில் நான் "விரலால் தொட்டால் வஞ்சிரம்" என்று காரைக்கால் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தேன்.

நான் வரிச்சிக்குடிக்காரன். நெல் விதைக்கிற குடும்பம். ஆற்றில் எப்போது தண்ணீர் விடுவார்கள், எந்த மடையை எவன் ராத்திரியோடு ராத்திரியாக உடைப்பான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். ஆனால் கடலுக்கும் லீவு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. தினம் கிழிக்கிற காலண்டரைக் கேட்டேன். அது "புதிய தொழில் தொடங்க உகந்த நாள்" என்று சொன்னது.

முதல் ஆர்டர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது. எங்கெங்கோ அலைந்து, எந்த ஊர்க் கடலில் எந்தக் காலத்தில் பிடித்ததோ, உறைந்து கிடந்த ஒரு பாளத்தைக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போன் செய்தார்.

"தம்பி, மீன் வந்துச்சு. இத சமைக்கறதா, மாவாட்டறதுக்கு வச்சுக்கறதா?"

செயலிக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். என் மனைவி கோபம் வந்தால் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். அது போதும்.

தொடக்க விழாவன்று கடைசி வரிசையில் ஒரு பெண் கேசரித் தட்டை வாயருகே வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் அவள் மாணவி. மண்டபத்தூர்ப் பெண், பி.காம். முடித்தவள். அவள் அம்மா தலையில் அன்னக்கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவர்.

"என்னம்மா சிரிக்கிற?"

"ஒண்ணும் இல்ல சார். கேசரி நல்லாருக்கு."

மறுநாள்தான் கேசரியின் ருசி எனக்குப் புரிந்தது.

இதெல்லாம் முடிந்த கதை. செயலி செத்தது, நான் பழையபடி சொல்லிக் கொடுக்கப் போனேன். நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு நாள் காலையில் எங்கள் தெருவில் பள்ளிக்கூட வண்டியின் ஹாரன் கேட்டது. எங்கள் பிள்ளைகள் அப்போதே பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், மஞ்சள் வண்டி, ஜன்னலில் கம்பி, பக்கவாட்டில் பாதி சுரண்டப்பட்ட பள்ளிக்கூடப் பெயர். உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்கிற குட்டி பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட, வெற்றிலை மென்றபடி மீன்கார அம்மாக்கள். ஓட்டுநர் இருக்கையில் என் மாணவி.

"சார், சங்கரா இருக்கு. எடுக்கறீங்களா?"

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்த வயிற்றெரிச்சல்.

அவள் செய்தது இவ்வளவுதான். கூடையோடு நிற்கிற பெண்களைக் கண்டால் பேருந்து நிற்காது. நாற்றமடிக்கும், தண்ணீர் சொட்டும், மற்ற பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்று நடத்துநர் விசில் ஊதிவிடுவார். ஆட்டோக்காரரும் அப்படித்தான். ஆகவே ஹார்பரில் ஏலம் எடுத்த மீனோடு இவர்கள் வெயிலில் நடப்பார்கள். தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்து, விலையும் விழுந்துவிடும். இவள் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய வண்டியை வாங்கி, பின்வரிசை பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு, ஐஸ் பெட்டியும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாயும் வைத்தாள். அவள் அம்மாவும் அம்மாவின் கூட்டாளிகளும் ஏறினார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்திக்கும் அவளவள் தெரு. ஒருத்தி தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்கக் கூடாது. இறக்கினால் ஹார்பரில் நடக்கிற சண்டையை இங்கே எழுத முடியாது. என் மாணவி அந்த வழக்கத்தில் கை வைக்கவில்லை. அதைச் சுற்றித்தான் வண்டியின் பாதையையே போட்டாள். அவரவர் தெருமுனையில் அவரவரை இறக்குவாள், திரும்பும்போது ஏற்றுவாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் கூடையை மற்றவர்கள் விற்றுக் கொடுப்பார்கள். ஆனால் தெரு அவளுடையதுதான். காலையில் ஏலம் முடிந்ததும் என்ன மீன் வந்திருக்கிறது என்று அந்தந்தத் தெரு அம்மாவின் குரலிலேயே வீடுகளுக்குப் போனில் செய்தி போகும். தடைக்காலத்தில் வண்டி கருவாடு சுமக்கும்.

நான் லேப்டாப்பில் படம் போட்டுப் போட்டுத் தேடியது இதைத்தான். வட்டம் வரைந்தேன், அம்புக்குறி வரைந்தேன். வட்டத்துக்குள் ஒரு மீன்காரரையாவது உட்கார வைக்க எனக்குத் தோன்றவில்லை.

என் பொறாமை எப்படிப்பட்டது என்று சொல்லாவிட்டால் நீங்கள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் வண்டி மீனைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவி அதை வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் ரசம் கேட்டேன்.

"யார் மேல கோவம்? மீனு மேலயா, அந்தப் பொண்ணு மேலயா?"

"யார் மேலயும் இல்ல. மனசு கொஞ்சம் ஆன்மிகமா போவுது."

"சரி. அப்ப குழம்பு மட்டும் ஊத்திக்கங்க. ஆன்மிகத்துக்குக் கொஞ்சம் ஒறப்பா இருக்கட்டும்."

குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டேன். இரண்டாம் தடவை ஊற்றும்போது ஒரு துண்டு தானாக வந்து விழுந்தது. அதை நான் தடுக்கவில்லை.

செய்தித்தாளில் வண்டியோடு அவள் படம் வந்தது. பைக்குக்கு அடியில் எண்ணெய் சொட்டாமலிருக்க அந்தத் தாளை விரித்தேன். என் மனைவி அதற்கு முன்பே படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் மாணவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கோடையில் நான் பானைத் தண்ணீருக்கு மாறினேன்.

ஒரு நாள் அவள் வண்டி எங்கள் கம்ப்யூட்டர் மாடிக்குக் கீழே நின்றுபோனது. மாடியிலிருந்து பார்த்தபோது எனக்குள் ஒரு குளிர்ந்த காற்று அடித்தது, பொய் சொல்லவில்லை. மாணவர்கள் ஓடிப்போய்த் தள்ளினார்கள். பார்க்க நன்றாயிருக்காதே என்று நானும் இறங்கித் தள்ளினேன். கடவுளே, கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தள்ளினேன். நான் கை வைத்ததும் கிளம்பிவிட்டது. என் வேண்டுதலுக்கு எப்போதும் இவ்வளவு மரியாதைதான். உள்ளேயிருந்து ஒரு அம்மா தலையை நீட்டி, "நல்ல கை தம்பி ஒனக்கு!" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"சார், ஒரு ஒதவி. பெங்களூர்லேர்ந்து ஒரு டிரஸ்ட்டுல வராங்க. எங்கள மாதிரி எடத்துலேர்ந்து தொழில் பண்ற சின்ன வயசுக்காரங்களுக்கு ஒதவி பண்றாங்களாம். ரெண்டாவது வண்டிக்கு எழுதிப் போட்டுருக்கேன். ஒரு நாள் வந்து வண்டியில சுத்திப் பாப்பாங்க. பிடிச்சாத்தான் வண்டி."

"இருக்கற வண்டி போதாதா?"

"பட்டினத்து அம்மாங்களுக்கு சார்."

திருமலைராயன்பட்டினத்துப் பெண்கள் தெற்கே விற்கிறவர்கள். இவள் வண்டி வடக்கே போகும். அவர்கள் அதே ஹார்பரில் மீன் எடுத்துக்கொண்டு இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. இன்னும் ஒரு மழைக்காலம் நடந்தால் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான் என்றாராம். அவர் தெருவைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஆளும் இல்லை. பழைய ஏதோ ஒரு தெருச் சண்டையில் மண்டபத்தூர்ப் பெண்களும் பட்டினத்துப் பெண்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. "'அவங்க நம்ம வண்டியில ஏறக் கூடாது'ன்னு எங்கம்மாவே சொல்லுது சார், அதான் தனி வண்டி" என்றாள்.

"நான் என்ன பண்ணணும்?"

"அவங்களோட மெயில்ல பேசி நாள் முடிவு பண்ணுங்க. அன்னிக்குக் கூட வந்து இங்கிலீஷ்ல சொல்லுங்க. நான் ஓட்டணும்ல."

என் பொறாமை உடனே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டது. வழிகாட்டி என்று அதற்குப் பெயர். இந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவன் யார்? மீனையும் போனையும் இந்த ஊரில் முதலில் சேர்த்து வைத்தவன் யார்? சேர்ந்து வாழவில்லை என்பது வேறு விஷயம். இரண்டாவது வண்டி வரும் நாளில் மேடையில் அவள், "எல்லாம் சார் போட்ட விதை" என்று சொல்வதை நான் கண்ணாடி முன் நின்று கேட்டேன். தலையைக் குனிந்து அடக்கமாகக் கையசைத்தும் பார்த்தேன்.

மெயில் எழுதினேன். அவர்கள் அந்த மாதத்தில் எந்த நாளும் சரி என்றார்கள். நான் காலண்டரிடம் போனேன்.

வளர்பிறை வெள்ளிக்கிழமை. சுபமுகூர்த்த நாள். அமிர்தயோகம். இதைவிட நல்ல நாள் அந்த மாதத்தில் கிடையாது. அந்தத் தேதியை அனுப்பினேன், அவர்கள் டிக்கெட் எடுத்தார்கள், நான் அவளுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா சார்?"

"வெள்ளிக்கிழமை! முகூர்த்தம்!"

"சார், வெள்ளிக்கிழமை ஒங்க வீட்ல மீன் வாங்குவீங்களா?"

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை ஓடுகூட உள்ளே வராது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் வராது. வடக்கே அவள் வண்டி போகிற கிராமங்களில் பெரும்பாலும் இதே கதைதான். அதனால் வெள்ளிக்கிழமை வண்டிக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். போதாததற்கு முகூர்த்தம். ஊரே கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து வடை பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மீன் வண்டி எப்படி விற்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்கு, ஒரு மத்திகூட விற்க முடியாத நாளாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டாவது தடவை.

"மாத்தச் சொல்லிடவா?"

"டிக்கெட் எடுத்துட்டாங்கள்ல. அடுத்தாப்ல எப்ப வருவாங்களோ. சரி சார், நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிரவு எனக்கு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். ஒருவேளை வண்டி கிடைக்காமல் போனால் அவளும் என்னைப்போல ஒரு நோட்டீஸ்காரியாக ஆகிவிடுவாள், இரண்டு பேரும் சேர்ந்து கேசரி சாப்பிடலாம் என்று ஒரு மூலையில் தோன்றியது. உடனே அந்த முழங்கால் அம்மா ஞாபகம் வந்தது. புரண்டு படுத்தேன். மனைவி, "என்ன, ஆன்மிகமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு ஹார்பருக்குப் போனேன். தொப்பி போட்ட ஒரு பெரியவரும் குறிப்பெடுக்க ஓர் இளம்பெண்ணும். காலி வண்டியைக் காட்டி, மன்னிப்புக் கேட்க ஆங்கிலத்தில் ஒரு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன்.

வண்டி காலியாக இல்லை. பிதுங்கியது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் எனக்குத் தெரிந்த முகங்கள் இல்லை. மண்டபத்தூர்ப் பெண்கள் கீழே நின்று கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பட்டினத்துப் பெண்கள். பட்டினத்தில் இஸ்லாமியர் தெருக்களில் வெள்ளிக்கிழமைதான் திருவிழா. ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்களுக்கு வீட்டில் நல்ல மீன் வேண்டும். அன்றைக்கு விற்க முடியாதவர்கள் வண்டியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அன்றைக்கு விற்றாக வேண்டியவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். என் போன் வந்த அன்றைக்கே அவள் பட்டினத்துக்கும், பிறகு தன் அம்மாவிடமும் போய்ப் பேசியிருக்கிறாள்.

"எப்படிம்மா ஒத்துக்கிட்டீங்க?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம வண்டி சும்மாதான கெடக்குது. கழுவற வேலைய அவளுங்க பண்ணட்டும்" என்றார் அம்மா. சமாதானம் அவ்வளவு மலிவாக முடிந்திருந்தது.

முன் இருக்கை எனக்கு என்று நினைத்திருந்தேன். அதில் முழங்கால் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகளுக்கு ஒரு பெஞ்சு. எனக்கு ஒன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சின் ஓரம். மடியில் யாருடையதோ ஒரு கூடை.

"கெட்டியா புடிச்சுக்க தம்பி. கொடுவா இருக்கு" என்றது ஒரு குரல்.

கொடுவா மீனைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். ஓட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்கம்மா கூடையோட நின்னா பஸ் நிக்காது. அதான் வண்டி வாங்குனோம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது ஏறக்குறைய இப்படி: கிராமப்புறப் போக்குவரத்தின் கடைசிக் கட்டத்தில் நிலவிய இடைவெளியை, தொழில்நுட்பத் துறையில் முன்னோடியான தன் ஆசிரியரின் தொடர்ந்த வழிகாட்டுதலால் இந்த இளம்பெண் கண்டுணர்ந்தார்.

குறிப்பெடுக்கிற பெண் என்னை மரியாதையாகப் பார்த்தாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி, தெருக்களைப் பிரித்த முறை உங்கள் யோசனையா என்று என்னைக் கேட்டார். மடியில் கொடுவா இல்லாவிட்டால் எழுந்து நின்றே பதில் சொல்லியிருப்பேன்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, சாவகாசமான ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது.

"சார் இஸ் கம்ப்யூட்டர் டீச்சர். நாட் ஃபிஷ் டீச்சர்."

பி.காம். ஆங்கில வழியில்தான் படித்திருக்கிறாள். ஓட்டும்போது பேசினால் பின்னாலிருக்கும் அம்மாக்கள் திட்டுவார்கள் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அதையும் கேட்கவில்லை.

வண்டியே சிரித்தது. என்ன சொன்னாள் என்று புரியாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் மூஞ்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

பட்டினத்துத் தெருமுனையில் முழங்கால் அம்மா கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கினார். இறங்குவதற்கு முன்பே வாசல்கள் திறந்துவிட்டன. "லாத்தா, எறா வந்துருக்கு!" என்று அவர் அக்கா முறை சொல்லிக் குரல் கொடுக்க, முக்காடு போட்ட ஒரு பெண் ஓடிவந்து, "என்ன இவ்வளவு சீக்கிரமா வந்துட்டிய! பறந்தா வந்திய?" என்று கேட்டார்.

"ஸ்கூல் வண்டியில வந்தேன். இந்த வயசுலதான் என்னயச் சேத்துருக்காங்க."

தொப்பிக்காரர் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அந்த வாசலிலேயே கிடைத்துவிட்டது. விடுமுறை நாளிலும் சண்டைக்காரர்களுக்காக ஓடுகிற வண்டி என்று பெங்களூர் போய் எழுதினாராம். கொஞ்ச நாளில் இரண்டாவது வண்டி உறுதியானது.

நான் இடித்த இடத்தில் அவளுக்குக் கதவு திறக்கிறது. இதைவிடப் பொறாமைப்பட ஒருவனுக்கு என்ன வேண்டும்? செய்த தப்பைக்கூட என்னால் எனக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. அதையும் வாங்கிக் கழுவி, ஐஸ் போட்டு, நல்ல விலைக்கு விற்றுவிட்டாள்.

புது வண்டி முதல் தடவை தெற்கே கிளம்புகிற நாளை என்னிடம் யாரும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது. காலண்டரை எட்டிப் பார்த்தேன்: தேய்பிறை, அஷ்டமி, கரிநாள். இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஹார்பருக்குப் போனேன். ஏலம் முடிந்து பட்டினத்துப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்த வண்டியும் ஒரு பள்ளிக்கூடத்துடையதுதான். முன் இருக்கையில் முழங்கால் அம்மா ஏற்கெனவே ஆட்சிக்கு வந்திருந்தார். மேடை இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை. முதல் நாள் ஓட்டிக் காட்ட என் மாணவியே உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்த்துச் சொன்னேன். பிறகு, எவ்வளவோ அடக்கியும், வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நான் அந்த வெள்ளிக்கிழமைய பாத்துக் குடுக்கலன்னா இந்த வண்டி வந்துருக்குமா? எல்லாத்தையும் வச்சுப் பாத்தா, இதுல என்னோட பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? அது என்னன்னுதான் கேக்கறேன்."

அவள் சாவியைத் திருப்பினாள்.

"கதவ விடுங்க சார், ஐஸ் உருகுது."